தமிழில் ஒரு வகுப்பு

எனக்கு வாய் நீளம் என்று எங்கள் குடும்பத்தில் பேர். பிறந்த வீட்டிலும் அதே பேர்தான் என்பதால் அதை ஒரு குறையாக நான் எடுத்துக்கொண்டதே இல்லை. அப்படிப்பட்ட எனக்கு வாய் திறக்காத ஒரு மகள் பிறந்தாள். "நீ இம்புட்டுப் பேசுனா அது எங்க பேசும், எடம் வேணாமா" என்று என் கணவர் கேலி பண்ணுவார். அவளுக்கு நாலு வயது ஆனபோது அந்தக் கேலியை அவராகவே நிறுத்திக்கொண்டார்.

அப்போது நாங்கள் கண்டிக்குப் பக்கத்தில் பிலிமத்தலாவையில், கடைத்தெருவுக்குப் பின்னால், ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். கணவர் ஒரு ஹாட்வெயார் கடையில் சேல்ஸ்மேன். அவருடைய அக்கா, எனக்கு மதினி, புருஷன் தவறிய பிறகு எங்களோடு வந்து சேர்ந்திருந்தார். மூன்று பேருமே தேயிலைத் தோட்டத்தில் பிறந்து ரோட்டோரத்துக்கு இறங்கி வந்தவர்கள்.

மகள் அழகு. நான் பெற்றவள் என்பதற்காகச் சொல்லவில்லை. சரி, அதற்காகவும்தான். சட்டி மூடி கையில் கிடைத்தால் தரையில் சுழலவிட்டு, அது ஆடி அடங்கும்வரை பக்கத்தில் கன்னத்தை வைத்துப் படுத்துப் பார்ப்பாள். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். சத்தம் கூடினால் தன் மணிக்கட்டைத் தானே கடிப்பாள். தடுத்தால் நம்முடையதைக் கடிப்பாள். கண்டி பஸ்ஸில் கண்டக்டர் மிதிபலகையில் நின்று ஊர்ப்பேர் சொல்லிக் கத்துவார், இவள் அவருக்கு மேலே கத்துவாள். பஸ்ஸில் உள்ள அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். நானும் அத்தனை பேரையும் திருப்பிப் பார்ப்பேன். முதலில் கண்ணை எடுப்பது நானாக இருக்காது.

ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். வசம்பை உரசி நாக்கில் தடவினோம். கோயில் மணியைக் கவிழ்த்து, அதில் தண்ணீர் ஊற்றிக் குடிக்கக் கொடுத்தால் பேச்சு வரும் என்றார்கள். கொடுத்தோம். அதை அவள் ஐயருடைய வேட்டியிலேயே துப்பினாள். கயிறு கட்டினோம், அறுத்துப் போட்டாள். "இதோட பெரியப்பாவும் அஞ்சு வயசுலதான் பேசுனாரு" என்று ஒருத்தி சமாதானம் சொன்னாள். அந்தப் பெரியப்பா பேசி நான் கேட்டிருக்கிறேன். பேசாமலே இருந்திருக்கலாம்.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் வயது வந்தது. வெள்ளைக் கவுன் தைத்து, ரெண்டு பக்கமும் பின்னல் போட்டு, முதலில் ஒரு பாடசாலைக்கும் அங்கிருந்து இன்னொன்றுக்கும் கூட்டிப்போனேன். இரண்டிலும் மரியாதையாகத்தான் பேசினார்கள். "கொஞ்சம் வளரட்டும், பிறகு பார்ப்போம்" என்றார்கள். வளரட்டும் என்று தண்ணீர் ஊற்றிவிட்டு இருக்க அவள் என்ன வாழைக்கன்றா? திரும்பி வரும் வழியில் கவுனில் ஒரு அழுக்குக்கூட இல்லை. அதைப் பார்த்துத்தான் எனக்கு அழுகை வந்தது. பள்ளிக்கூடம் போன பிள்ளையின் கவுன் அழுக்காகத்தானே திரும்பும். மற்றப் பிள்ளைகளைப்போல என் மகளும் ஒரு வகுப்பில் இருக்க வேண்டும். அதற்குக் குறைவாக எதற்கும் ஒத்துக்கொள்வதில்லை என்று அன்றைக்குத் தீர்மானித்தேன்.

எங்கே போகலாம் என்று வழி சொன்னவர் எங்கள் பகுதி மிட்வைஃப் மிஸ். பக்கத்து வீட்டுப் பச்சைப்பிள்ளையை நிறுக்க வந்தவர், என் மகள் மூடி சுற்றுவதை வேலியோரம் நின்று பார்த்தார். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று கண்டியில் ஒரு கிளினிக் இருக்கிறது, பேச்சுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள் என்றார். அதுவரை எனக்கு யாரும் அதைச் சொன்னதில்லை. சொல்லாததற்கு யாரையும் குறைசொல்ல முடியாது, யாருக்கும் தெரியாது.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் மிஸ் ஒரு சின்ன வயதுச் சிங்களப் பெண். எங்களை உட்காரச் சொல்லிவிட்டு அவர் தரையில் உட்கார்ந்தார். மகளிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு டின் மூடியை எடுத்துச் சுழற்றினார். மகள் தன்னுடையதைச் சுழற்றினாள். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் படுத்து அதைப் பார்த்தார்கள். படித்த ஒரு மனுஷி என் மகளுக்காகத் தரையில் கன்னத்தை வைத்ததைப் பார்த்ததும் எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது. மகளுடைய நிலைக்கு ஓட்டிசம் என்று பேர் சொன்னார். பிள்ளையைச் சுற்றி ரெண்டு மூன்று மொழி கேட்கிறது, இப்போதைக்கு ஒரு மொழியைப் பிடித்துக்கொள்ளுங்கள், வீட்டில் எல்லாரும் அதிலேயே பேசுங்கள் என்றார்.

ஒரு மொழி என்றதும் எங்களுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. எங்கள் வீட்டுக்குக் கிட்டே ஒரு சிங்களப் பாடசாலையில் விசேட கல்வி அலகு இருந்தது. இப்படியான பிள்ளைகளுக்கென்று தனி ரீச்சரோடு ஒரு வகுப்பு. மிட்வைஃப் மிஸ் சொல்லிப் போய்க் கேட்டபோது, அடுத்த வருஷம் இடம் தருகிறோம் என்று அங்கே சொல்லியிருந்தார்கள். தமிழில் அப்படி ஒன்று நாங்கள் கேட்ட இடத்திலெல்லாம் இல்லை. கிளினிக்கும் சிங்களம், வகுப்பும் சிங்களம், பஸ்ஸும் சிங்களம். ஆகவே அன்று பின்னேரத்திலிருந்து வீட்டில் தமிழ் பேசுவதில்லை என்று முடிவு செய்தோம்.

எங்களை மாதிரி ஆட்கள்தான் இப்படி ஒரு முடிவுக்கு வருவோம். காலம் முழுக்க அலுவலகத்திலும் ஆஸ்பத்திரியிலும் அவர்கள் மொழிக்கு மாறிப் பேசியே பழகியவர்கள், அடுப்படியிலும் மாறிக்கொண்டோம்.

எங்கள் சிங்களம் சந்தைச் சிங்களம், டிக்கெட் எடுக்கிற சிங்களம். கணவர் காலையிலிருந்து பொழுதுபட ஆணியும் கம்பியும் சிங்களத்தில் விற்பவர். ஆனால் மகளைத் தூக்கி வைத்துக்கொண்டு என்ன கொஞ்சுவது? ஆணிக்கு விலை சொல்கிற குரலிலேயே "ஹொந்தய், ஹொந்தய்" என்பார். நல்லது, நல்லது என்று அர்த்தம். அதற்கு மேல் அவருக்கு வராது. மதினிக்குத் தெரிந்த சிங்கள வார்த்தைகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம், அதிலும் பாதி பிள்ளை முன்னால் சொல்ல முடியாதவை. அதனால் அவர் பேசுவதையே விட்டுவிட்டார். நான்? வாய் நீளம் என்று பேர் வாங்கிய நான், சோறு ஊட்டும்போது "கன்ன, கன்ன" என்று சாப்பிடச் சொல்வதைத் தவிர வேறு பேச்சில்லாமல் இருந்தேன். வீடு ஒரு கந்தோர்போல, அரசாங்க அலுவலகம்போல ஆகிவிட்டது. மகள் முன்னைவிட அதிகமாகக் கடித்தாள். அந்த மழைக்காலம் முழுக்க என் கையில் காயம் ஆறவில்லை.

ஒருநாள் காலை மீன்காரர் வந்தார். சைக்கிளில் பெட்டி கட்டிக்கொண்டு வருகிற முஸ்லிம் மனுஷர், மதினிக்கும் அவருக்கும் எப்போதும் பொருந்தாது. மதினி மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தார். அடக்கி வைத்திருந்த அத்தனையும் கிளம்பி வந்தது.

"ஏன் தம்பி, இது மீனா, இல்ல போன கெழம செத்த அதோட அண்ணனா?"

"அல்லாவே, காலையில கடல்லேந்து வந்த மீன் தாத்தா." அக்காவை அவர்கள் தாத்தா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"கடல்லேந்து நடந்தா வந்துச்சு? அதான் இப்புடிக் களச்சுப் போயிருக்கு."

உள்ளே மூடி சுற்றும் சத்தம் நின்றது. மகள் வாசலுக்கு வந்தாள். மதினியின் சேலையைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து அவர் வாயையே பார்த்தாள். பிறகு சிரித்தாள். சும்மா சிரிப்பில்லை, வயிறு குலுங்கிய சிரிப்பு. மதினி என்னைப் பார்த்தார், நான் மதினியைப் பார்த்தேன். மீன் பேரம் அதோடு முடிந்துவிட்டது, ஆனால் மதினி சண்டையை நிறுத்தவில்லை. தராசைத் திட்டினார், சைக்கிளைத் திட்டினார், சைக்கிள் மணியைத் திட்டினார். மீன்காரர் ஒரு நிமிஷம் முழித்தார், பிள்ளையைப் பார்த்ததும் விஷயம் பிடிபட்டு அவரும் சளைக்காமல் திருப்பிக் கொடுத்தார். அன்றைக்கு அவருக்கு மற்ற வாடிக்கை எல்லாம் தாமதம். நல்ல மனுஷர்.

அடுத்த கிளினிக் நாளில் நான் நேராகப் போய் நின்றேன். இந்தப் பிள்ளையை இனி நாங்கள் தமிழில்தான் வளர்ப்போம், என்ன செய்ய வேண்டும் என்று எனக்குக் காட்டிக்கொடுங்கள், நான் அதைத் தமிழில் செய்கிறேன் என்று என் சந்தைச் சிங்களத்தில் சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். மிஸ் ஆச்சரியமாகப் பார்த்தார்.

"நான் எந்த மொழி என்று சொன்னேனா அம்மா? நீங்கள் எந்த மொழியில் சண்டை பிடிப்பீர்கள்?"

"தமிழில்."

"அப்படியென்றால் அந்த மொழியிலேயே பேசுங்கள்."

சிங்கள வகுப்பில் தருவதாகச் சொன்ன இடத்தை என்ன செய்வது என்று கேட்டேன். அதை வீட்டில் பேசி முடிவெடுங்கள் என்றார். வீட்டில் கணவர், "கையில இருக்கிறதையும் விட்டுட்டு எங்க போய் நிக்கப்போற புள்ள?" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அந்த இடம் போனால் வேறு இடம் கிடையாது. ஆனால் வாசலில் அவள் சிரித்ததை நான் பார்த்துவிட்டேன். இடத்தை விட்டுக்கொடுத்தோம்.

மிஸ் எனக்கு வேலை கற்றுத் தந்தார். பிள்ளையிடம் படங்களைக் காட்டிப் பேச வேண்டும். முதலில் இது, பிறகு இது என்று இரண்டு படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், அடுத்து என்ன வரும் என்று தெரியாத பயம் பிள்ளைக்குக் குறையும், கடியும் குறையும். கிளினிக் படங்களில் ஸ்ட்ரோபெரி இருந்தது, பனிமனிதன் இருந்தான். எங்கள் வீட்டில் ஏது பனிமனிதன்? மதினி சவர்க்காரப் பெட்டிகளை வெட்டினார், கணவர் கடையிலிருந்து மட்டை கொண்டு வந்தார், வரைந்தது நான். ரொட்டி, பிளேன்டீக் கோப்பை, பஸ், கக்கூஸ், மழை, மீன்காரர் சைக்கிள். முதலில் பஸ், பிறகு ரொட்டி. பஸ்ஸில் அவள் அந்த அட்டையைப் பிடித்துக்கொண்டு வந்தாள், கத்துவது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. மிஸ் எங்கள் அட்டைகளை வாங்கிப் பார்த்துவிட்டு, மற்றத் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு தொகுதி செய்து தர முடியுமா என்று கேட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இப்போதும் அதை நினைத்தால் நெஞ்சு நிமிர்கிறது.

ஒருநாள் அடுப்படியில் என் பின்னால் "ரொட்டி" என்று ஒரு குரல். மதினிதான் கேட்கிறார் என்று நினைத்து, "இருங்க மதினி, வேகட்டும்" என்றேன். திரும்பிப் பார்த்தால் மகள். ரொட்டி கருகியது. கருகிய ரொட்டியை நானும் மதினியும் மகளும் பிய்த்துத் தின்றோம்.

வார்த்தை வந்தது, வகுப்பு வரவில்லை. கண்டி டவுனில் ஒரு தமிழ்ப் பாடசாலை அதிபரைப் போய்ப் பார்த்தேன். யாழ்ப்பாணத்துக்காரர், பல வருஷமாகக் கண்டியில் இருப்பவர். பொறுமையாகக் கேட்டார்.

"ஓம், விளங்குது தங்கச்சி. ஆனா ஒரு பிள்ளைக்காக அலகு திறக்க ஏலாது. பத்துப் பிள்ளையாவது இருந்தாத்தான் நான் கந்தோரில போய்க் கதைக்கலாம். பிள்ளையள் எங்க?"

"இருக்காங்க சார்."

"எங்க இருக்கினம்?"

எங்கே இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். கிளினிக் வாங்கில், அந்த நீள பெஞ்சில் இருந்தார்கள். மாதாமாதம் அந்த வாங்கின் கடைக்கோடியில் தமிழ் பேசும் தாய்மார் பிள்ளையை மடியில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். உள்ளே போய், மிஸ் எதைச் சொன்னாலும் "ஹரி மிஸ்", சரி மிஸ், என்று தலையாட்டிவிட்டு வருவார்கள். கலகெதரயிலிருந்து வரும் ஒரு உம்மா என்னிடம் சொன்னார்: "வெளங்கின மாதிரி தலைய ஆட்டிட்டு வாரேன். ஊட்டுக்குப் போனா ஒண்டும் ஞாபகமில்ல. மகன்ட வாப்பா கேட்டா என்னத்தச் சொல்ற?"

அன்றிலிருந்து என் வாய்க்கு உத்தியோகம் கிடைத்தது. ஒவ்வொரு தாயோடும் உள்ளே போனேன். மிஸ் சொல்வதைத் தமிழில் சொன்னேன், தாய் சொல்வதைச் சிங்களத்தில் சொன்னேன், தாய் சொல்லத் தயங்குவதை நானே சேர்த்துச் சொன்னேன். வெளியே வந்ததும், "கண்டியில தமிழ்ல ஒரு வகுப்புத் தெறந்தா புள்ளைய விடுவீங்களா?" என்று கேட்பேன். கலகெதர உம்மா முதல் ஆளாகச் சரி என்றார். அவருக்குத் தெரிந்த வீடுகளுக்கு அவரே போய்ச் சொன்னார். ஊரில் இப்படியான பிள்ளைகள் இல்லையென்று யார் சொன்னது? எல்லா ஊரிலும் இருந்தார்கள், கதவுக்குப் பின்னால்.

தோட்டத்தில்தான் கஷ்டம். ஒரு கொழுந்து பறிக்கும் பெண், மகள் என் மகளைவிட ஒரு வயது மூத்தவள். பிள்ளைக் காம்பராவில், அதாவது தாய்மார் மலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகும் இடத்தில், கடிக்கிறாள் என்று அவளைச் சேர்ப்பதில்லை. தாய் அவளை லயத்து அறையில் வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்குப் போவாள். நானும் மதினியும் வீடு தேடிப் போனோம். வாசலில் நின்றே பேசினாள்.

"எம் புள்ளைய டவுனுக்குக் கொண்டுபோயி நாலு பேரு பாக்கணுமாக்கா? இங்க பாக்குறது பத்தாதா?"

என்ன சொல்வது என்று தெரியவில்லை. எனக்கே தெரியவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். சட்டைக் கையை மேலே இழுத்து என் கையை அவள் முன்னால் நீட்டினேன். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை பல் தடம். அவள் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். பிறகு தன் கையை நீட்டினாள். அவளுடையது என்னுடையதைவிட மோசம்.

"எம் மகளுக்குப் பல்லு நல்லா இருக்கு" என்றாள்.

மதினிதான் முதலில் சிரித்தார். பிறகு மூன்று பேரும் சிரித்தோம், வாசலிலேயே உட்கார்ந்துவிட்டோம். தேத்தண்ணி கொடுத்தாள். பூட்டைத் திறந்து மகளை வெளியே கூட்டி வந்து காட்டினாள்.

அதிபர் கேட்டதைவிட அதிகமாகவே பிள்ளைகள் சேர்ந்தார்கள். கல்விக் கந்தோரிலிருந்து அதிகாரி பார்க்க வருகிறார் என்று ஒரு நாள் சொன்னார்கள். பாடசாலை மண்டபத்தில் நாங்கள் எல்லாரும் பிள்ளைகளோடு நின்றோம். ஒருவன் மேசைக்குக் கீழே போய் வரமாட்டேன் என்றான். ஒருத்தி அதிகாரியின் குடையை விரித்தாள். என் மகள் அவருடைய கண்ணாடிக் கூட்டை எடுத்துச் சுழலவிட்டாள். எல்லாம் போச்சு என்று நான் நினைத்தேன். அதிகாரி எங்களை நீள நெடுகப் பார்த்துவிட்டு அதிபரிடம், "இவ்வளவு நாளும் இவர்கள் எங்கே இருந்தார்கள்?" என்று கேட்டார். அதிபர் வாய் திறக்கும் முன்னால் நான் பதில் சொன்னேன்.

"வீட்டுல சார். நீங்க கூப்பிடல."

அதிபர் கண்ணால் என்னை அடக்கப் பார்த்தார். நான் அடங்கவில்லை. அதிகாரி கோபப்படவில்லை, குடையை மடக்கி வாங்கிக்கொண்டு போனார். வகுப்புத் திறக்க அனுமதி வந்தது. விசேட கல்வி படித்துவிட்டு சாதாரண வகுப்பில் இருந்த ஒரு தமிழ் ரீச்சரை அதற்குப் போட்டார்கள். கிளினிக் மிஸ் லீவு நாளில் வந்து அவருக்குக் கூடமாட உதவினார். அவர்களுக்கு நடுவில் பேச்சை மாற்றிச் சொன்னது யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

முதல் நாள் எங்களுக்கு ஒரு நிபந்தனை இருந்தது. தாய்மார் வகுப்புக்கு வெளியே விறாந்தையில் இருக்க வேண்டும், பிள்ளை அடங்காவிட்டால் கூப்பிடுவார்கள். யாரும் சொல்லியிருக்காவிட்டாலும் இருந்திருப்போம். என் மகள் பிறந்ததிலிருந்து நானோ மதினியோ இல்லாமல் ஓர் அறையில் இருந்தவள் இல்லை. கலகெதர உம்மா தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்தார், தோட்டத்துப் பெண் சேலை நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள், நான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே ஒரு பிள்ளை அழும்போதெல்லாம் எல்லாருமே எழும்பி நின்றோம்.

இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் கதவு திறந்தது. மகள் வந்து நின்றாள். கவுனில் சாயம், முழங்காலில் மண். கூட்டிப்போகச் சொல்லத்தான் வந்திருக்கிறாள் என்று பையை எடுத்துக்கொண்டு எழும்பினேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். அப்படி நேராக என் கண்ணைப் பார்ப்பவள் இல்லை அவள்.

"அம்மா போ" என்றாள்.

சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதுவரை அவள் என்னை அம்மா என்று கூப்பிட்டதே இல்லை.

போகச் சொன்னதால் போனேன், கூப்பிட்டால் பார்த்துக்கொள்ளச் சொல்லி கலகெதர உம்மாவிடம் சொல்லிவிட்டு. எங்கே போவது என்று தெரியவில்லை. மகள் இல்லாமல் டவுனில் நடந்து எனக்குப் பழக்கமே இல்லை, கை ரெண்டும் சும்மா தொங்கின. பஸ் நிற்கும் இடத்தில் முன்பின் தெரியாத ஓர் அம்மா மரக்கறிப் பையோடு உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"எம் மக என்னயப் போகச் சொல்லிட்டா" என்றேன்.

கண்ணீர் வழிந்துகொண்டிருந்ததால் என்னமோ வீட்டுச் சண்டை என்று அந்த அம்மா நினைத்துக்கொண்டார், பாவம். என் முதுகைத் தடவி, "விடுங்கம்மா. புள்ளைங்கன்னா எல்லாம் அப்புடித்தான்" என்று ஆறுதல் சொன்னார்.

"ஆமாங்க" என்றேன். "எம் மகளும் அப்புடித்தான்."